கரடிப் பெட்டி

ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா
ஞாயிறு இரவு

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு அநேக வணக்கங்கள்.

இங்கு நாங்கள் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தையும், பெரியம்மையின் முழங்கால் வலி இப்போது எந்தத் தைலத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பதையும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பேரன் செல்பேசியில் காட்டிய படத்தைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்ததாகவும், அதில் அடர்ந்த காட்டுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி தெரிவதாகவும், தங்கள் மருமகள் அதன்மேல் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்க, நானும் என் சிநேகிதர்களும் இருபுறமும் காவலுக்கு நிற்பதாகவும் எழுதி, "அமெரிக்காவிலே திருட்டுப் பயம் அவ்வளவு ஜாஸ்தியா? நகைநட்டையெல்லாம் காட்டிலே கொண்டுபோயா பூட்டி வைக்கிறீர்கள்?" என்று விசாரித்திருந்தீர்கள். அந்தப் பெட்டியில் நகை இல்லை, பெரியப்பா. பெருங்காயம் இருந்தது. அதற்குத் துணையாக எலுமிச்சங்காய் ஊறுகாய், புளிக்காய்ச்சல், இட்லி மிளகாய்ப் பொடி, ஒரு படி அரிசி, ஆறு பல்துலக்கிகள் ஆகியவையும் இருந்தன. இவற்றைக் கரடி கொண்டுபோகாதபடி காப்பதற்காக இந்த தேசத்துச் சர்க்கார் செய்துவைத்திருக்கிற பெட்டி அது. இவ்வளவோடு நிறுத்திவிடலாம், ஆனால், கடிதம் என்றால் ரசிகமணி டி.கே.சி. எழுதியதைப்போல எதிரே உட்கார்ந்து பேசுவதாக இருக்கவேண்டும் என்று சிறு பிராயத்திலேயே பிரம்பும் கையுமாக எனக்குப் போதித்தவர் தாங்கள். ஆகையால் விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

ஆழ்வார்குறிச்சியாரும் தூத்துக்குடியாரும் தங்களுக்குப் புதியவர்கள் அல்லர். பாளையங்கோட்டை விடுதியில் நாங்கள் மூவரும் ஓர் அறையிலே கிடந்த காலத்தில், விடுமுறை விட்டதும் தத்தம் வீட்டுக்குப் போகாமல் கடையத்தில் வந்து இறங்கி, பெரியம்மை வைத்த சொதியையும் இஞ்சிப் பச்சடியையும் கணக்கு வழக்கின்றி உள்ளே தள்ளிவிட்டுத் திண்ணையிலே மல்லாந்து கிடந்தார்களே, அதே பேர்வழிகள்தாம். இப்போது முன்னவரிடமிருந்து தலைமயிர் விடைபெற்றுக்கொண்டது. பின்னவரிடம் கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. மூவரும் இங்கே ஒரு மணி நேரக் கார்ப் பிரயாணத்துக்குள்தான் வசிக்கிறோம். இருந்தும், சந்திப்பது என்பது லேசில் கைகூடுகிற காரியம் அன்று. வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுகிற நம் ஊர்ச் சம்பிரதாயம் இங்கே செல்லாது. முதலில் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பவேண்டும். அவர் அதை அங்கீகரிக்கவேண்டும். பிறகு அதை அவர் மனைவியின் நாட்காட்டியோடு ஒத்துப்பார்க்கவேண்டும். எல்லாம் ஒத்துவந்த நாளில் யாராவது ஒருவருடைய ஆபீசில் ஏதாவது ஒரு யந்திரம் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டால் நமக்குச் சாவகாசம் கிடைக்கும் என்று நினைத்தோம். அவர்களும் போனார்கள், சாவகாசமும் அவர்களோடு போய்விட்டது.

இந்த நிலைமையில், கோடைக்காலத்து வாரக் கடைசி ஒன்றை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் யோசெமிட்டியிலே கூடாரம் அடித்துத் தங்கிக் கழிப்பது என்று தூத்துக்குடியார் ஒரு பிரேரணை கொண்டுவந்தார்; மற்றவர்கள் ஆமோதித்தோம். யோசெமிட்டி என்பது எங்களுக்குக் கிழக்கே சுமார் நான்கு மணி நேரப் பிரயாணத்தில், சியரா நெவாடா மலைத்தொடருக்குள் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கு. தாங்கள் வகுப்பில் தொண்டை கம்மச் சொல்லுவீர்களே, அதே ஆபிரகாம் லிங்கன்தான், உள்நாட்டு யுத்தம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த 1864-ஆம் ஆண்டில், பீரங்கிக்கும் சவப்பெட்டிக்கும் இடையே எப்படியோ நேரம் கண்டுபிடித்து, இந்தப் பள்ளத்தாக்கு என்றென்றும் பொதுஜன உபயோகத்துக்கே உரியது என்று கலிபோர்னியா மாகாணத்துக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டார். 1890-இல் அதைச் சுற்றியுள்ள காடு தேசியப் பூங்கா ஆயிற்று.

பொதுஜனம் என்றால் நாமும்தானே என்று நினைத்து நேரே போய் இறங்கிவிட முடியாது. கூடாரம் அடிக்கிற ஆறடி மண்ணுக்கு ஐந்து மாதம் முன்னதாக, பதினைந்தாம் தேதி காலை சரியாக ஏழு மணிக்குச் சர்க்கார் வலைத்தளத்தில் முன்பதிவு திறக்கும். கோடை மாதத்துச் சனி ஞாயிறுகள் கண்ணை மூடித் திறப்பதற்குள் பறிபோய்விடும். இங்கேதான் தங்கள் மருமகளின் பெருமையைச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு முன் சென்னையில் வேலை பார்த்த வருஷங்களில், ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நெல்லை எக்ஸ்பிரசில் தட்கல் டிக்கெட் எடுத்துத் தேர்ந்த கை அது. பிப்ரவரி மாதத்து இருட்டில் எழுந்து, குளித்து, சுவாமி படத்துக்கு முன் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற இரண்டு வீட்டிலும் மாப்பிள்ளைமார் இருவரும் விசைப்பலகையைத் தட்டித் தோற்றுக்கொண்டிருக்கையில், இவள் 'அப்பர் பைன்ஸ்' முகாமில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டுக் காப்பிக்குப் பால் வைக்கப் போய்விட்டாள். ஓர் இடத்துக்கு ஆறு பேர்தான் என்பது விதி. மூன்று தம்பதிகள்; கணக்கு மீதியில்லாமல் வகுபட்டது.

பிரயாணம் தூத்துக்குடியாரின் பழைய மினிவேனில். மலை ஏறத் தொடங்கியதும், தங்கள் மருமகள் முன்வரிசையில் இருந்துகொண்டு தன் செல்பேசியிலிருந்து ஒரு விஷயத்தைச் சத்தமாக வாசித்தாள். இந்தப் பூங்காவில் 2001 முதல் 2007 வரை கரடிகள் உடைத்த கார்களையெல்லாம் கணக்கெடுத்து விஞ்ஞானிகள் சிலர் 2009-இல் 'ஜர்னல் ஆஃப் மம்மாலஜி' என்ற ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை பிரசுரித்திருக்கிறார்கள். கரடிகள் கண்ட கார்மீதும் கை வைப்பதில்லையாம். நிறுத்தியிருக்கிற மற்றக் கார்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், மினிவேன்களையே அதிகமாகத் தேர்ந்தெடுத்து உடைக்கின்றனவாம். குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஆகையால் உள்ளே தின்பண்டத் துணுக்குகள் சிந்திக் கிடக்கும் என்பதை அவை அறிந்துவைத்திருக்கக்கூடும் என்பது அந்த விஞ்ஞானிகளின் ஊகங்களில் ஒன்று. இதைக் கேட்டதும் தூத்துக்குடியார் ஒன்றும் பேசாமல் கண்ணாடி வழியாகப் பின் இருக்கைகளை ஒரு முறை பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அந்த இருக்கைகளில்தான் அவருடைய மூன்று பிள்ளைகளும் பால்யம் முழுவதையும் முறுக்கும் கையுமாகக் கழித்தார்கள்.

முகாம் வாசலில் அகன்ற தொப்பி வைத்த ஒரு ரேஞ்சர் அம்மாள் விதிகள் அச்சடித்த தாளைக் கொடுத்து விளக்கினாள். இங்கே இருப்பது கருங்கரடி என்னும் ஜாதி. பெயர்தான் கருங்கரடி, பெரும்பாலானவற்றுக்கு நிறம் பழுப்பு. கலிபோர்னியாக் கொடியிலே கம்பீரமாக நடந்து போகிற கிரிஸ்லி கரடி வேறு. அதை 1920-களுக்குள் சுட்டுத் தீர்த்துவிட்டு, இப்போது கொடியில் மட்டும் வைத்துப் போற்றுகிறார்கள். எஞ்சிய கருங்கரடிகளோ 1998-ஆம் ஒரே ஆண்டில் 1,500-க்கு மேற்பட்ட தடவை மனிதர்களின் காரையும் கூடாரத்தையும் குடைந்திருக்கின்றன. அதன் பிறகே இந்தப் பெட்டிச் சட்டம் இவ்வளவு கறாராக அமலுக்கு வந்ததாம். சாப்பாட்டை வெளியிலே விட்டுவைத்தால் 5,000 டாலர் வரை அபராதம். வண்டியையே ஜப்தி செய்தாலும் செய்வார்கள். மனிதச் சோற்றில் ருசி கண்ட கரடி கடைசியில் சுடப்பட்டுச் சாகும்படி நேர்ந்துவிடுகிறது என்று அவள் சொன்னபோது குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதனால், அபராதத்தைக் கேட்டு எழுந்த முணுமுணுப்பை நாங்கள் விழுங்கிக்கொண்டோம். ஒன்று சொல்லவேண்டும்: 1940 வரையில் இதே பூங்காவில் எச்சில் சோற்றைக் கொட்டிக் கரடிகளை வரவழைத்து, ஜனங்களை எதிரே உட்காரவைத்து வேடிக்கை காட்டினார்கள். தாத்தாமார் விருந்து வைத்தார்கள். அந்த விருந்துக்கு இப்போது அபராதம் கட்டவேண்டியவர்கள் கடையத்திலிருந்தும் ஆழ்வார்குறிச்சியிலிருந்தும் வந்த நாங்கள்.

இனிப் பெட்டி. 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். இரும்பு. பூட்டு கிடையாது, மேலே ஒரு தகட்டுக்கு அடியில் விரலை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு நாக்கை அழுத்தினால் கதவு திறக்கும். கரடியின் கை அந்த இடுக்கில் நுழையாது. ஆழ்வார்குறிச்சியாரின் கையும் நுழையவில்லை. அவர் கை எப்படிப்பட்டது என்பது தாங்கள் அறிந்ததே. பெரியம்மையின் அடைக்குப் பக்கத்தில் கண்டிருக்கிறீர்கள். ஆகவே, முதல் நாள் முழுவதும் அவர் பெட்டியைத் திறக்க வேண்டியபோதெல்லாம் யாரையாவது அழைத்துக்கொண்டேயிருந்தார். சர்க்கார் கணக்குப்படி அவர் கரடி இனத்தைச் சேர்ந்தவர் என்று தூத்துக்குடியார் தீர்ப்பு வழங்கினார்.

பெட்டிக்குள் போகவேண்டியவை எவை என்பதில்தான் தர்க்கம் ஆரம்பித்தது. சாப்பாட்டுச் சாமான் மட்டும் அன்று. வாசனையுள்ள வஸ்து எதுவாயிருந்தாலும் உள்ளே போகவேண்டும் என்பது விதி. சோப்பு, பற்பசை, முகப்பூச்சு, குப்பை, காலியான ஐஸ் பெட்டி, கழுவாத பாத்திரம், எல்லாம். வெள்ளைக்காரர்களுக்கு இது ஒரு சிறிய ஜாபிதா. ஒரு பொட்டலம் ரொட்டி, ஒரு குப்பி ஜாம், ஒரு சோப்பு என்று ஐந்து நிமிஷத்தில் வைத்து மூடிவிட்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறார்கள். நம்மிடம் வாசனையில்லாத வஸ்து ஏதாவது இருக்கிறதா, பெரியப்பா? சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, கறிவேப்பிலை, பூண்டு, நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சீயக்காய், ஓமவாட்டர், கற்பூரம் என்று எடுத்து வைக்க எடுத்து வைக்க, எங்கள் மூன்று வீட்டுச் சமையலறையும் பூஜை அறையும் அங்கே இடம்பெயர்ந்து வந்திருப்பது தெரிந்தது. கட்டிப் பெருங்காயத்தை மூன்று உறைக்குள் போட்டு, அதை ஒரு டப்பாவுக்குள் போட்டு, டப்பாவை ஒரு துணியில் சுற்றி வைத்தோம். மூடிய பெட்டிக்கு வெளியே நின்றால் பெருங்காயத்தைத் தவிர வேறொன்றும் மணக்கவில்லை.

அப்புறம் அமிர்தாஞ்சனம். தூத்துக்குடியார் அதில்லாமல் ராத்திரி கண்ணை மூடமாட்டார். இது மருந்தா, வாசனைத் திரவியமா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி பிரிந்துவிட்டபடியால், தங்கள் மருமகள் குப்பியை எடுத்துக்கொண்டு அந்த வழியாகச் சென்ற ரேஞ்சர் அம்மாளிடமே போய் நியாயம் கேட்டாள். அந்த அம்மாள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணில் நீர் தளும்பிற்று. மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு, "உள்ளே" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னாள். "நெற்றியில் தடவிக்கொண்டு தூங்கலாமா?" என்று இவள் அப்பீல் செய்தாள். ரேஞ்சர் அம்மாள் தூத்துக்குடியாரின் நெற்றியைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இன்று ஒரு நாள் வேண்டாமே என்று தயவாகச் சொன்னாள். அதே நியாயத்தை நீட்டிப் பார்த்தால், தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னியிருக்கும் மூன்று பெண்டுகளையும் பெட்டிக்குள்தானே உட்காரவைக்கவேண்டும் என்று நான் ஒரு சட்டப் பிரச்னையைக் கிளப்பினேன். அன்று ராத்திரி எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

ஆழ்வார்குறிச்சியாரின் தர்மசங்கடம் வேறு தினுசு. அவரிடம் திருச்செந்தூர் இலை விபூதி ஒரு பொட்டலம் இருந்தது. விபூதியைச் சாம்பல் என்று வைத்துக்கொண்டால் வெளியே இருக்கலாம். ஆனால் பன்னீர் இலையின் மணம் அதிலே இருக்கிறதே, அதை இல்லையென்றால் சுவாமியைக் குறைவுபடுத்தியதாகுமே என்று நெடுநேரம் யோசித்தார். முடிவில் முருகனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெங்காய மூட்டைக்கும் ஊறுகாய்ப் பரணிக்கும் நடுவில் அதை வைத்தார்.

இத்தோடு தீர்ந்ததா என்றால், இல்லை. சாமானை எடுக்கும் கணம் தவிர மற்ற நேரமெல்லாம் பெட்டி மூடியே இருக்கவேண்டும் என்பது உபவிதி. நாம் சமைக்கிற சமையல் அப்படி ஒரு கணத்தில் அடங்குவதா? கடுகுக்கு ஒரு தடவை திறக்கவேண்டும், மூடவேண்டும். கடுகு வெடிப்பதற்குள் உளுத்தம்பருப்புக்குத் திறக்கவேண்டும், மூடவேண்டும். பிறகு வற்றல், பிறகு கறிவேப்பிலை, பிறகு பெருங்காயம். ஒரு குழம்பு தாளிப்பதற்குள் 'டணார் டணார்' என்று காடு அதிர்ந்தது. பக்கத்து முகாமில் இருந்த ஒரு முதியவர், பாவம், சாய்வு நாற்காலியில் புஸ்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் புஸ்தகம் ஓர் அங்குலம் இறங்கிற்று. களக்காடு முண்டந்துறைக் காட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்துப் பக்கம் கரடி தென்பட்டால் தகரத்தைத் தட்டுவோம், வேட்டுப் போடுவோம், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கூச்சல் போடுவோம். அதன் மோப்ப சக்திக்கு மரியாதை கொடுத்து ஊறுகாய்ப் பரணியை இரும்பிலே அடைத்தது கிடையாது. அந்த விதித்தாளின் கோடியில் பார்த்தால், கரடி வந்தால் கூடியமட்டும் சத்தம் போடுங்கள் என்றுதான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்த விதியை மட்டும் நாங்கள் கரடி வருவதற்கு முன்பே நிறைவேற்றிவிட்டோம்.

பெட்டியைக் காத்த நேரம் போக, பார்க்கவேண்டியதையும் பார்த்தோம் என்று சொன்னால்தான் தாங்கள் நம்புவீர்கள். யோசெமிட்டி அருவி மூன்று கட்டமாக விழுகிறது. மொத்த உயரம் 2,425 அடி. மலைப்பனி உருகி விழுகிற தண்ணீர் ஆகையால், ஆடி ஆவணியில் நூலாகி, சில வருஷம் அடியோடு நின்றுவிடும். நாங்கள் போனபோது நல்ல பிரவாகம். ஆழ்வார்குறிச்சியார் காலையிலேயே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்றேன். "அருவிக்கு" என்றார். இங்கே அருவி பார்ப்பதற்கு மட்டுமே என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. கீழ் அருவிக்கு எதிரே ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். அதில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும். அத்துடன் திருப்தி அடைந்து திரும்பவேண்டியது. அந்தப் பாலத்தில் நூறு தேசத்து ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, துண்டும் கையுமாக நம்மவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குற்றாலத்துப் பேரருவியில் போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டுகிற வரையில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றதும், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஐந்தருவிக்கு நடந்ததும், குரங்கு பறித்துக்கொண்டுபோன சீப்பு வாழைப்பழமும் அவருக்கு மட்டுமா ஞாபகம் வந்தன? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஒருவர் தலையையாவது நனைக்காத தண்ணீரைப் பார்ப்பதற்கு என்னவோபோல் இருந்தது.

எல் கேப்பிட்டன் என்னும் பாறையையும் பார்த்தோம். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 3,000 அடிக்குச் செங்குத்தாக நிற்கிற ஒற்றைக் கருங்கல். அலெக்ஸ் ஹானல்ட் என்பவர் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கயிறு ஏதும் இல்லாமல், வெறும் கையாலும் காலாலும், நான்கு மணி நேரத்துக்குள் அதன் உச்சிக்குப் போய்விட்டார். மற்றவர்கள் கயிற்றோடு நாட்கணக்கில் ஏறுகிறார்கள். ராத்திரியானால் நடுப்பாறையில் ஒரு கட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு அதிலேயே தூங்குகிறார்கள். இருட்டியதும் அவர்கள் விளக்குகள் பாறையிலே பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. "கரடிக்கு எட்டாத இடத்தில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவேண்டுமானால் அது ஒன்றுதான் வழி போலிருக்கிறது" என்றாள் தங்கள் மருமகள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் முகாமில் விறகு மூட்டலாம். பத்து மணிக்கு அணைத்துவிடவேண்டும். 1968 வரையில் கோடைக்காலத்து ராத்திரிகளில், கிளேசியர் பாயிண்ட் உச்சியிலிருந்து கண்கண்ட தணலையெல்லாம் பாறை விளிம்பில் தள்ளிவிட்டு, நெருப்பு அருவி என்று ஊரையே கூட்டி வேடிக்கை காட்டியவர்கள் இவர்கள். நம் கட்டைக்கு மட்டும் பத்து மணி. போகட்டும். அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டோம். புளிக்காய்ச்சலைப் பிசைந்து கையிலே உருட்டி வாங்கித் தின்றுகொண்டு, விடுதி வார்டன் பெயரை அந்தக் காலத்து அடைமொழியோடு சொல்லிச் சிரித்து, கடனாநதியில் யார் யாரைத் தள்ளிவிட்டது என்ற பழைய வழக்கை மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, பெண்டுகள் மூவரும் எங்களைத் திரும்பிப் பாராமல் தங்கள் தங்கள் மாமியார்களைப் பற்றிச் சுவாரஸ்யமாகப் பேசிக்கொண்டிருக்க, ஒன்பது மணி வரை நன்றாகத்தான் போயிற்று.

அதன் பிறகு ஆழ்வார்குறிச்சியார் தம் தாயாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். காரியத்துக்கு அவர் வரவில்லை என்று ஊரிலே சிலர் குறை சொன்னதாகத் தாங்கள் முன்பே எழுதியிருந்தீர்கள். அன்றைக்குத் தாங்கள் அந்த வீட்டுக்குப் போய் முன்னே நின்றதும் அவருக்குத் தெரியும். குறை சொன்னவர்களுக்குத் தாங்கள் இதைச் சொல்லலாம். இந்த தேசத்தில் உத்தியோகம் பார்த்து நிரந்தர வாசத்துக்கு மனுப்போடுகிறவர்களில், எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் இல்லை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சின்னஞ்சிறு தீவுக்கும் ஏழு, நம் பாரத தேசத்துக்கும் ஏழு. ஆகையால் நம்மவர்களின் வரிசை வருஷக்கணக்கில் நீண்டு கிடக்கிறது. அதிலே நிற்கிறவர் ஊருக்குப் போனால், பழைய விசா முத்திரை காலாவதியாகியிருக்கும் பட்சத்தில், திரும்பி வருவதற்குப் புதிதாகப் போடவேண்டும். அதற்குத் தேதி கிடைப்பது அவரவர் ஜாதக விசேஷம். தாயார் காலமான வாரத்தில் அவருக்குத் தேதி கிடைக்கவில்லை. போனால் வேலையும் வீடும் பெண்ணின் படிப்பும் அந்தரத்தில் நின்றுவிடும். மூத்த மகன் செய்யவேண்டியதைத் தம்பி செய்ய, இவர் ராத்திரி இரண்டு மணிக்குச் செல்பேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். தொடர்பு நடுவில் அறுந்துவிட்டதாம். "எந்த இடத்துல அறுந்துச்சுன்னு மட்டும் கேக்காதியள்" என்றார். நாங்கள் கேட்கவில்லை. பத்து மணி ஆயிற்று. தூத்துக்குடியார் எழுந்து வாளித் தண்ணீரைக் கட்டைமீது ஊற்றினார்.

கூடாரத்துக்குள் படுத்துச் சிறிது நேரம் சென்றிருக்கும். "ஏல, மக்ரோன்!" என்று தூத்துக்குடியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப்போல் வந்தது. ஊரிலிருந்து அவர் மைத்துனர் கொடுத்தனுப்பிய தூத்துக்குடி மக்ரோன் ஒரு பொட்டலம் வண்டியின் நடு இருக்கைக்கு அடியில் இருக்கிறது. முந்திரிப்பருப்பும் சர்க்கரையும், கரடியின் நாக்குக்கு அதைவிடப் பொருத்தமான பக்ஷணத்தை விசுவகர்மாவாலும் செய்யமுடியாது. பத்து மணிக்கு மேல் மௌனம் என்பது இன்னொரு விதி. ஆகவே ஐம்பது பிராயத்தை எட்டிய மூன்று பேர், கைவிளக்கை வாயிலே கவ்விக்கொண்டு, மினிவேனுக்குள் தவழ்ந்து, ஒரு சொல் பேசாமல் தோண்ட ஆரம்பித்தோம். 1899 முதல் ஆதிச்சநல்லூரில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ துரைகூட இவ்வளவு அடுக்குகளைக் கண்டிருப்பாரா என்பது சந்தேகம். மேல் அடுக்கில் சமீப காலத்துச் சீவல். அதற்குக் கீழே மகள் உயர்நிலைப்பள்ளி போன காலத்து வறுகடலை. இன்னும் கீழே, கல்லாகிப்போன ஒரு தேன்குழல். ஒவ்வொன்றையும் விரலால் பொறுக்கிப் பையில் போட்டு, அந்தப் பையைப் பெட்டியில் வைத்து, சத்தம் கேட்காதபடி ஜமக்காளத்தை அணைகொடுத்துக் கதவை மூடினோம். ஆழ்வார்குறிச்சியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாயில் விளக்கு இருந்தபடியால் அந்தச் சிரிப்பு மரங்களின் மேலெல்லாம் ஆடிற்று.

காலையில் மக்ரோனைத் தட்டில் எடுத்துவைத்துக் காப்பிக்காகத் திரும்பினோம். அணில் ஒன்று வந்தது. நம் ராமர் கோடு போட்ட அணில் அன்று; கொழுத்த, பயமறியாத, மண் நிறத்து அணில். மூன்று பேரும் கையை வீசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மக்ரோனைக் கவ்விக்கொண்டு பாறை இடுக்கில் மறைந்தது. மூன்றாவதை நீலப் பறவை ஒன்று கொத்திக்கொண்டு போயிற்று. இவற்றுக்கு விதித்தாளில் பெரிய எழுத்து ஒன்றும் இல்லை. இனிக் கரடி விஷயத்தைக் கேளுங்கள். திரும்புகிற வழியில், புல்வெளி ஓரமாகக் கார்கள் நிற்கக் கண்டு நாங்களும் இறங்கினோம். தூரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கரடி. எங்களையோ, எங்களுக்குப் பின்னால் வாசனையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்ற மினிவேனையோ அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மிகுந்த சிரத்தையோடு புல் தின்றுகொண்டிருந்தது. கோடைத் தொடக்கத்தில் இளம்புல்தான் அதற்குப் பிரதான ஆகாரமாம். "இதுக்கா என் அமிர்தாஞ்சனத்தப் பிடுங்கினிய?" என்று தூத்துக்குடியார் தங்கள் மருமகளைக் கேட்டார். அவருக்கு ராத்திரி முழுவதும் தலைவலி.

இதுதான், பெரியப்பா, தாங்கள் படத்தில் கண்ட பெட்டியின் வரலாறு. கரடிகளும் மினிவேனும் சேமமாக இருக்கின்றன. வண்டியில் பெருங்காய வாசனை போகவில்லை. தூத்துக்குடியார் சம்சாரம் அதை எங்கள் கணக்கில் எழுதியிருக்கிறார்.

வருஷக் கடைசியில் ஊருக்கு வருவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். மார்கழியில் இரண்டு வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். குற்றாலத்தில் அப்போது ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நெருக்கும் என்பது தெரியும். ஆனாலும் ஒரு நாள் அங்கே போயே தீர்வது என்று புல்வெளியில் நின்றபடியே தீர்மானம் செய்துவிட்டோம். பழைய எண்ணெய்க்காரர் இன்னும் இருக்கிறாரா என்று தென்காசிப் பக்கம் போகும்போது விசாரித்துவையுங்கள். எனக்கும் தூத்துக்குடியாருக்கும் நிச்சயமாகச் சொல்லிவிடலாம். ஆழ்வார்குறிச்சியார் தேதிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்து மூன்று பேருக்கு என்றே சொல்லிவையுங்கள். வராவிட்டால் அந்தக் கூலியை நான் கொடுத்துவிடுகிறேன்.

பெரியம்மைக்கு என் நமஸ்காரம். தங்கள் மருமகள் தனியே எழுதுகிறாளாம்; நான் எழுதியதில் காப்பி விஷயத்தை மட்டும் நம்பவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

தங்கள் அன்புள்ள மகன்